ஒரே ஒளியிழை வடம் வேலி தாண்டுபவரையும் பஞ்சுக் குடோன் தீயையும் காட்டிக்கொடுக்குமா?

திருமங்கலம் மில் பராமரிப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்துக்கு அருகே உள்ள ஒரு நூற்பாலையில் பராமரிப்புடன் சேர்த்துப் பாதுகாப்பையும் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஒளியிழை (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை) உணரிகளைப் பற்றி விவரம் அறிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதைக் கேட்கிறேன்.

எங்கள் வளாகத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1,400 மீட்டர். சாலைப் பக்கமும் வடக்கும் ஒன்பது அங்குலச் செங்கல் மதில். மேற்கிலும் தெற்கிலும் கல்கால் ஊன்றிக் கட்டிய செயின்லிங்க் வேலி. மேற்கு வேலிக்கு அப்பால் கண்மாய்க்கரையும் அதன் மேல் அடர்ந்த சீமைக்கருவேலமும் இருக்கின்றன. பழைய மோட்டார்களின் செம்புச் சுருள், மிஞ்சிய மின்கேபிள், இரும்புக் கழிவு ஆகியவற்றை அந்தப் பக்கத்துக் கொட்டகையில்தான் வைத்திருக்கிறோம் என்பதால், வேலியை அறுத்தோ அடியில் தோண்டியோ உள்ளே வந்து எடுத்துச் செல்வது அடிக்கடி நடக்கிறது. கேமராக்கள் உண்டு, ஆனால் திரையில் ஆடுவது முள்மரத்தின் நிழலா ஆளா என்று புரிவதற்குள் வந்தவர்கள் போய்விடுகிறார்கள். வாட்ச்மேன் எந்நேரத்தில் எந்த மூலையில் இருப்பார் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

இரண்டாவது கவலை தீ. பஞ்சு பேல்கள் (இறுகக் கட்டிய பஞ்சுப் பொதிகள்) அடுக்கிய இரண்டு குடோன்களில் கூரையில் பொருத்திய புகையுணரிகள், தூசி படிந்து காரணமின்றி ஒலித்துக்கொண்டே இருப்பதால், இரவு ஷிப்டில் யாரேனும் அவற்றின் இணைப்பை எடுத்துவிடுகிறார்கள். காப்பீட்டு ஆய்வாளர் சென்ற முறை வந்தபோது இதைக் குறையாகவே எழுதிச் சென்றார்.

இந்நிலையில் ஒரு விற்பனையாளர் வந்தார். வளாகத்தைச் சுற்றி ஓர் ஒளியிழை வடத்தை ஓட்டி, அதையே குடோன்களுக்குள்ளும் கொண்டுசென்றால் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்கிறார். வேலியை எந்த மீட்டரில் தொட்டார்கள், குடோனில் எந்த இடம் சூடாகிறது என்பவை கணினித் திரையில் தெரியும், வடத்தில் மின்சாரமே ஓடாததால் பஞ்சுத் தூசிக்கு நடுவே தீப்பொறி அபாயம் கிடையாது, 25 ஆண்டுகளுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்றெல்லாம் சொன்னார். வேலி பலவீனமாக உள்ள இடங்களில் வடத்தை மண்ணுக்குள் புதைத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வைத்தார்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. ஒரே இழை அதிர்வையும் வெப்பத்தையும் ஒருசேர அறிய முடியுமா? ஆடி மாதக் காற்றில் எங்கள் வேலி இரவு பகலாக ஆடும்; சற்றுத் தொலைவில் மதுரை–விருதுநகர் ரயில் பாதை; நான்குவழிச் சாலையின் லாரிகள் வேறு. இவ்வளவுக்கும் நடுவே ஒருவன் வேலியை அறுப்பதை இந்தக் கருவி எப்படிப் பிரித்தறியும்? எங்கள் நிலம் கரிசல். அதில் புதைப்பது சரிவருமா? நிர்வாகத்திடம் கோப்பு வைப்பதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஜாயின்டர்:

தம்பி, தொலைபேசித் துறையில் நெடுங்காலம் ஒளியிழை வடம் இழுத்து, ஸ்பிளைஸ் செய்து (இழை முனைகளை உருக்கி ஒட்டி) ஓய்வுபெற்றவன் நான். உணரிகளின் உள்விவரத்தை மற்றவர்கள் சொல்வார்கள். வடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பராமரிப்பே வேண்டாம் என்று சொல்பவரை, நீங்கள் நூற்பாலைக்காரர் என்பதால், இருமடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். தொலைத்தொடர்பில் பயன்படும் சிங்கிள்மோட் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்கள் பஞ்சின் ஒற்றை நாரே அதைவிடத் தடித்தது. கனெக்டரைத் திறந்து மூடும்போது ஒரு நார் முகப்பில் ஒட்டிக்கொண்டால், ஒளியில் ஒரு பகுதி அங்கேயே வீணாகி, கருவி அதைக் கோளாறாகக் காட்டும். ஆகையால் கருவிப் பெட்டி இருக்கும் அறை, பேலைப் பிரித்துப் பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோரூமுக்கும் குடோனுக்கும் எட்டத்தில், கதவு இறுக மூடுவதாக இருக்க வேண்டும். முகப்பைத் துடைப்பதற்கும் பார்ப்பதற்கும் உரிய சிறு கருவிகள் அங்கேயே இருக்கட்டும். முடிந்த இடங்களில் கனெக்டரைத் தவிர்த்து நேரடியாக ஸ்பிளைஸ் செய்துவிடுங்கள்.

வேலியில் கட்டும் வடத்தை அணில் கடிக்கும். மண்ணில் புதைப்பதை எலியும் பெருச்சாளியும் கடிக்கும். இரும்புக் கவசம் போட்ட வடத்தை வாங்கினால் கடி நிற்கும். ஆனால் அந்தக் கவசம் மின்னலை ஏந்திக்கொண்டு உள்ளே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்சாரம் ஓடாத வடம் என்ற பெருமை அத்தோடு போயிற்று. உலோகமில்லாத, கண்ணாடி நாரால் ஆன கவசமும் கிடைக்கிறது. உங்கள் இடத்துக்கு அதைத்தான் கேட்பேன். நைலான் டையால் கட்டினால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே நொறுங்கிவிடும்; துருப்பிடிக்காத எஃகு டை போடச் சொல்லுங்கள்.

பதித்து முடிந்த அன்றே, இழைக்குள் ஒளித்துடிப்பு அனுப்பி எங்கே ஒளி இழப்பு என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியால் முழு நீளத்தையும் அளந்து, அந்த வரைபடத்தை உங்கள் கோப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எங்கே வளைந்தது, எங்கே நசுங்கியது என்ற விவாதம் வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த ஒரு தாள்தான் உதவும்.

பசுமலை ஒளியியல்:

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி எவ்வளவு தூயதாக இருந்தாலும், உருகிய நிலையிலிருந்து அது இறுகியபோது அடர்த்தியில் இருந்த நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் அப்படியே உள்ளே தங்கிவிடுகின்றன. லேசர் துடிப்பு ஒன்றை இழைக்குள் செலுத்தினால், வழிநெடுக இவற்றில் பட்டு ஒளியின் மிகச் சிறு பங்கு பின்னோக்கித் திரும்புகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால், 10 நானோவினாடித் தாமதம் 1 மீட்டர் தொலைவுக்குச் சமம். எனவே திரும்பிய ஒளி எப்போது வந்தது என்பதிலிருந்தே அது எவ்விடத்தைத் தொட்டு வந்தது என்று தெரிந்துவிடுகிறது. இழை முழுவதும் உணரியாக மாறுவது இந்த ஓர் அடிப்படையால்தான். வேலியில் எங்கும் தனித்தனியே எந்த மின்னணுப் பொருளையும் பொருத்தவேண்டியதில்லை.

திரும்பிவரும் ஒளியில் மூன்று வகை உண்டு. பெரும்பகுதி, அனுப்பிய அதே அலைநீளத்திலேயே திரும்பும் ராலே சிதறல். யாரோ வேலியைப் பற்றி ஏறினால் இழை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. அதனால் அந்தப் பகுதியிலிருந்து வரும் ஒளியலைகளின் கட்டம் (phase, அலையின் ஏற்ற இறக்க நிலை) மாறுகிறது. நிறத்தூய்மை மிகுந்த லேசரைக் கொண்டு இந்த மாற்றத்தைத் துடிப்புக்குத் துடிப்பு ஒப்பிட்டால் அதிர்வு தெரியும். ஊடுருவலைக் கண்டறிய இம்முறையைப் பயன்படுத்துவதற்கான அமெரிக்கக் காப்புரிமையை ஹென்றி டெய்லர், சுங் லீ ஆகிய இருவரும் 1993இலேயே பெற்றுவிட்டார்கள். துடிப்பின் அகலம் 100 நானோவினாடி என்றால், இடத்தை ஏறத்தாழ 10 மீட்டர் துல்லியத்தில் சொல்லலாம். எந்த மீட்டரில் தொட்டார்கள் என்று தெரியும் என விற்பனையாளர் சொன்னால், அவருடைய கருவியின் துடிப்பு அகலம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். திரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் எண் காட்டப்படுவதாலேயே கருவி மீட்டருக்கு மீட்டர் பிரித்தறிகிறது என்று ஆகிவிடாது.

இரண்டாவது, திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த சிதறல். இதில் ஒளி, கண்ணாடி மூலக்கூறுகளின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு வேறு அலைநீளத்தில் திரும்புகிறது. ஆற்றலைப் பெற்றுக்கொண்டு திரும்பும் பகுதி வெப்பநிலையோடு சேர்ந்து கூடும். சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.8 சதவீதம். ஆற்றலை இழந்து திரும்பும் பகுதியோடு இதை ஒப்பிட்டு விகிதம் கண்டால், இழையின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். குடோனுக்கு விற்பனையாளர் சொல்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவதான பிரில்லுவான் சிதறல், இழுவிசைக்கும் வெப்பத்துக்கும் சேர்ந்து பதில் தரக்கூடியது. பாலங்களுக்கும் அணைகளுக்கும் அது பொருத்தம், உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராமன் ஒளி, ராலே ஒளியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மங்கியது. எனவே வெப்பநிலை அளக்கும் கருவி, திரும்பிவரும் மங்கலான ஒளியைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும், நடுப்பகுதி அகன்ற மல்டிமோட் இழையைப் பெரும்பாலும் விரும்புகிறது. பல்லாயிரம் துடிப்புகளின் சராசரியை எடுப்பதால் ஓர் அளவீட்டுக்குச் சில வினாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேலும்கூட ஆகலாம். அதிர்வை அளக்கும் கருவிக்கோ சிங்கிள்மோட் இழை வேண்டும். ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை ஒப்பிட்டால்தான் கம்பி அறுபடும் ஓசை அதில் பதியும். போதாக்குறைக்கு, வடத்தின் அமைப்பிலும் முரண்பாடு இருக்கிறது. அதிர்வுக்கு வடம் வேலியோடு இறுகப் பிணைந்து, இழையும் உறைக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். வெப்பத்துக்கு இழை குழாய்க்குள் தளர்வாக மிதந்து, வடம் காற்றில் தொங்க வேண்டும். இறுக்கினால் அதில் ஏறும் இழுவிசையும் வளைவும் அளவீட்டைக் கெடுக்கும். எனவே ஒரே உறைக்குள் இரு வகை இழைகளை வைத்து வடம் ஒன்று என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, கருவிகள் இரண்டு, விலை இரண்டு, பதிக்கும் முறையும் இரண்டு. ஒரே பெட்டியில் இரண்டையும் அடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இயற்பியல் மாறிவிடுவதில்லை.

மற்றொன்றையும் யோசியுங்கள். வடகிழக்கு எல்லை ரயில்வேயில் யானைகள் தண்டவாளத்தை நெருங்குவதை அறிய ‘கஜராஜ்’ என்ற பெயரில் இதே ராலே முறையைப் பயன்படுத்துகிறார்கள். பாதையோரமாக ஏற்கனவே கிடக்கும் தொலைத்தொடர்பு இழையே அங்கு உணரியாகிறது. ஒரு கருவி பல பத்துக் கிலோமீட்டரைக் காவல் காக்கும்போது அதன் விலை கிலோமீட்டர்தோறும் பகிர்ந்து குறைந்துவிடும். நாட்டின் எண்ணெய்க் குழாய்களிலும் இக்கணக்குத்தான் எடுபடுகிறது. உங்களுக்கு இருப்பதோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. பெட்டியின் விலை முழுவதும் அந்த 1,400 மீட்டரின் தலையில் விழும். இவ்வளவு சிறிய சுற்றளவுக்குக் குறுக்கீட்டுமானி வகையே போதும் என்பது என் கருத்து. அதில் இரண்டு இழைகளில் சென்ற ஒளியை ஒன்றுசேர்த்து, கட்ட வேறுபாட்டை மட்டும் பார்க்கிறார்கள். எந்த மீட்டர் என்று அது சொல்லாது. எந்தப் பகுதி என்று சொல்லும். சுற்றளவை ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்தால், வாட்ச்மேன் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மேலூர் வேலிப்பணி:

ஐயா சொன்ன இயற்பியலில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கடைசிப் பத்தியில் மட்டும் உண்டு. கிரானைட் யார்டுகளுக்கும் மில்களுக்கும் வேலியும் அதன் மேல் உணரிகளும் பொருத்திக் கொடுக்கும் பணியில் இருப்பவன் என்பதால் களத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் உணராமல் விடுவது மிகவும் அரிது. உணர்ந்தவற்றில் எதைத் தள்ளுவது என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. காற்று அடித்தால் மேற்கு வேலி முழுவதும் ஒரே நேரத்தில் நடுங்கும். ரயில் போனால் அதிர்வு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நகர்ந்து செல்வது தெரியும். ஒருவன் கம்பியை அறுத்தால் ஓரிடத்தில் மட்டும் குறுகிய, கூர்மையான துள்ளல்கள் வரும்; ஏறினால் அதே இடத்தில் சில வினாடிகளுக்குத் தொடர்ந்து இழுபறி இருக்கும். தூரமும் நேரமும் ஒருசேரத் தெரியும் ராலே கருவியால் இந்த நான்கையும் வடிவத்தை வைத்தே பிரித்துவிட முடிகிறது. குறுக்கீட்டுமானியிடம் இருப்பது ஒரு பகுதி முழுவதற்கும் சேர்த்து ஒரே ஓர் அலைவடிவம்தான். ரயிலையும் காற்றையும் ஒலியின் தன்மையை மட்டும் கொண்டு அது ஒதுக்க வேண்டும். ரயில் பாதைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இடத்தில் அதை நம்பி இறங்குவதற்கு முன் இருமுறை யோசிப்பேன். கட்டாயம் அதைத்தான் வாங்க வேண்டும் என்றால், மேற்குப் பக்கத்தை மட்டுமே மூன்று பகுதிகளாகச் சிறிதாக்கி, காற்றுவேகமானி ஒன்றைக் கருவியோடு இணைத்து, காற்றுக்கேற்ப உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் வேலி சரியாக இருக்க வேண்டும். தொய்ந்த செயின்லிங்க் வலையில் எவ்வளவு விலையுயர்ந்த இழையைக் கட்டினாலும் பயனில்லை. வலை கல்காலில் மோதும் ஒவ்வொரு முறையும் அறுப்பதைப் போன்ற ஒலியே எழும். வலையை இழுத்துக் கட்டி, மேலும் கீழும் நடுவிலும் இழுகம்பி கொடுத்து, தகரப் பலகை, படர்ந்த கொடி, வேலியில் உரசும் கருவேலக் கிளை எல்லாவற்றையும் அகற்றியாக வேண்டும். வேலிக்கு உட்புறம் மூன்று மீட்டர் வெட்டவெளி விட்டால் கேமராவுக்கும் வேலை கிடைக்கும். இந்தப் பணிக்குத் தனியே மதிப்பீடு வாங்குங்கள். பல இடங்களில் இதை முடித்த பிறகு, உணரி வாங்குவதற்கு முன்னரே திருட்டு குறைந்திருக்கிறது.

செங்கல் மதிலைப் பற்றி விற்பனையாளர் எதுவும் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஒன்பது அங்குலச் சுவரில் இழையைப் பதித்தால், கடப்பாரையால் இடித்தால் தெரியும். ஏணி சாய்த்து மெதுவாக ஏறிக் குதிப்பவன் சுவரை அசைப்பதே இல்லை. மதிலின் தலையில் ஒன்றரை அடி உயரத்துக்கு மெல்லிய கம்பி வேலியோ சுருள் முள்கம்பியோ அமைத்து, அதில் வடத்தைக் கட்டினால்தான் அந்தப் பக்கம் காவலுக்குள் வரும்.

கரிசலில் புதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணில் நடப்பவனின் காலடி அதிர்வு இழையைச் சென்று சேர வேண்டுமானால், மண் இழையை இறுகப் பற்றியிருக்க வேண்டும். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்கு அப்பால் நடப்பவனின் அதிர்வு இந்தப் பக்கம் வந்து சேராது. ஐப்பசி மழையில் அதே மண் உப்பி, வடத்தை இழுத்து நெரிக்கும். கோடையில் சரிசெய்த உணர்திறன் மழைக்காலத்துக்குப் பொருந்தாது. புதைத்தே ஆக வேண்டிய இடம் இருந்தால், ஓர் அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, மணல் நிரப்பி, அதற்குள் வடத்தைப் போட வேண்டும். அப்போதும் பருவத்துக்குப் பருவம் மறுசீரமைப்பு தேவைப்படும்.

திருமங்கலம் மில் பராமரிப்பு:

மூவருக்கும் நன்றி. மேற்கு வேலியைச் சீர்செய்யும் மதிப்பீட்டை முதலில் வாங்குவதாக இன்று பேசியிருக்கிறோம். குடோன் தொடர்பாக மட்டும் இன்னும் தெளிவில்லை. வெப்பநிலையை மீட்டருக்கு மீட்டர் அளக்கும் வடம், தூசியால் ஏமாறாது என்பது பெரிய வசதியாகத் தோன்றுகிறது. சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைக்கு அடியில் நிற்கவே முடியாது. அந்தச் சூட்டில் அது பொய்யாக ஒலிக்காதா? மேலும், வேலிக்கருவி வாங்கினால் அதை எப்படிச் சோதித்து ஏற்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பசுமலை ஒளியியல்:

கூரைச் சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இவ்வகைக் கருவிகள் ஒரே ஓர் எல்லை வெப்பநிலையை மட்டும் நம்பி இயங்குவதில்லை. வெப்பம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது, ஒரு மீட்டர் தன் பகுதியின் சராசரியைவிட எவ்வளவு விலகுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றன. வெயில் கூரை முழுவதையும் மெதுவாகச் சூடாக்கும். தீ ஓரிடத்தை விரைவாகச் சூடாக்கும். எனவே பொய் ஒலி இங்கே சிக்கலாக இராது. இவ்வகை உணரிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 54-22, அதன்படி சான்று பெற்ற கருவியா என்று கேட்பது நல்லது.

ரயிலை ஒதுக்குவது குறித்து மேலூர் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ரயில் பாதை அருகில் என்றால், ராலே கருவியின் கூடுதல் விலைக்கு நியாயம் இருக்கிறது.

கப்பலூர் தீப்பாதுகாப்பு:

குடோனைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி விடுபட்டிருக்கிறது. வெப்ப வடம் பொய் சொல்லாது. ஆனால் தாமதமாகச் சொல்லும். இறுகக் கட்டிய பேலுக்குள் பற்றிய பொறி, வெளியே சுடரோ புகையோ காட்டாமல் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கிலும் கனன்றுகொண்டிருக்கும். அந்த வெப்பம் இருபதடி உயரத்தில் தொங்கும் வடத்தைச் சூடாக்கும் நிலைக்கு வரும்போது, உங்களுக்கு மிஞ்சுவது அடுத்த அடுக்கைக் காப்பாற்றும் வாய்ப்பு மட்டுமே. ஜின்னிங்கில் (விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் இடத்தில்) பற்றிய பொறி பேலுக்குள் சிக்கிக்கொண்டு, லாரியில் ஏறி உங்கள் குடோனுக்கே வந்து இறங்குவதும் உண்டு. புதிதாக வரும் பேல்களைச் சில நாட்கள் தனிக் கொட்டகையில் வைத்திருந்து, பிறகு குடோனில் ஏற்றும் வழக்கத்தை எந்த வடத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

முன்னரே அறிய வேண்டுமானால், குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, வடிகட்டிய பின் புகையைப் பார்க்கும் கருவியே பொருத்தம். வடிகட்டியை மாற்றுவதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்கினால் தூசிப் பிரச்சினை பெருமளவு அடங்கும். உற்பத்திப் பக்கம் உள்ள அபாயம் வேறு. பஞ்சைக் கலக்கும் மிக்சிங்கிலும் ப்ளோரூமிலும் பஞ்சோடு வந்த இரும்புத் துண்டு, பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் அடிபட்டுப் பொறி பறப்பதால்தான் பெரும்பாலும் அங்கே தீ தொடங்குகிறது. அதற்கு உலோகம் பிரிக்கும் கருவியும், பொறி பட்ட பஞ்சைத் தனியே திருப்பிவிடும் ஸ்பார்க் டைவர்ட்டரும் இருக்கின்றன. ஒரு நொடிக்குள் நடப்பதைச் சராசரி எடுத்து அளக்கும் வெப்ப வடம் பிடிக்காது.

அப்படியானால் அந்த வடத்துக்கு உங்கள் மில்லில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. பேனல் அறைக்கு அடியில் ஓடும் கேபிள் டிரெஞ்சைத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் படிந்த பஞ்சுத் தூசிக்கு நடுவே மின்கேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேலே மூடி இருப்பதால் எவர் கண்ணிலும் படாது. ஏதோ ஒரு ஜாயின்ட் தளர்ந்து மெல்லச் சூடாவதை, மற்ற மீட்டர்களோடு ஒப்பிட்டு முன்கூட்டியே காட்டுவதற்கு ராமன் வகைக் கருவியைப் போல வேறொன்று இல்லை. மின்கேபிளின் காந்தப்புலமும் அதைப் பாதிக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், குடோனுக்கென்று விற்பனையாளர் காட்டும் கருவியை டிரெஞ்சுக்கு வாங்குவேன்.

மேலூர் வேலிப்பணி:

சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். விற்பனையாளர் தாம் விரும்பிய நாளில், விரும்பிய இடத்தில் வேலியைத் தட்டிக் காட்டுவதைச் சோதனையாக ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் உள்ளடக்கிய காலத்தைச் சோதனைக் காலமாக எழுதிவிட்டு, தொகையின் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வையுங்கள். அக்காலத்தில் எத்தனை பொய் எச்சரிக்கை வரை பொறுத்துக்கொள்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். அது எழுதப்படாவிட்டால், எச்சரிக்கை அதிகமாகும்போது உணர்திறனைக் குறைத்துவிட்டு எல்லாம் அமைதியாகிவிட்டது என்பார்கள். எனவே உங்கள் ஆட்களே முன்னறிவிப்பின்றி, நடு இரவிலும் காற்று வீசும் நேரத்திலும், கல்காலுக்கு அருகிலும் இரு கால்களுக்கு நடுவிலும், ஏறியும் வலையைத் தூக்கியும் சோதிக்கட்டும். அறுப்பதற்கு வேலியைச் சேதப்படுத்த வேண்டியதில்லை. வேலியில் துண்டு வலை ஒன்றைக் கட்டி அதை அறுத்தால் போதும்.

வடத்தையே ஒருவன் துண்டித்தால் என்ன ஆகும் என்றும் சோதியுங்கள். ஒரு முனையிலிருந்து மட்டும் ஒளி செலுத்தும் அமைப்பில், துண்டுபட்ட இடம் உடனே தெரிந்துவிடும்; ஆனால் அதற்கு அப்பால் உள்ள வேலி முழுவதும் குருடாகிவிடும். வடத்தை வளையமாகச் சுற்றி இரு முனைகளையும் கருவி அறைக்கே கொண்டுவந்து, இரு திசையிலிருந்தும் பார்க்கும்படி கேளுங்கள். வளாகம் வளைய வடிவில்தான் இருக்கிறது என்பதால் கூடுதல் வடத்துக்குப் பெரிய செலவு ஆகாது. கருவியில் இரண்டாவது சேனல் இருக்கிறதா என்பதை மட்டும் விலைப்புள்ளி வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.